எண்ணூர்ச் சவுக்குத் தோப்பில் ஒரு பர்மாக் காளான்

ராயபுரத்தில் ஆனி மாதம் குடை பிடிப்பவர்கள் வெயிலுக்குத்தான் பிடிக்கிறார்கள். வந்த முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. வைகாசி கழிந்ததும் பழக்கத்தின் பேரில் குடையை எடுத்துத் தூசி தட்டி, கம்பிகளுக்கு எண்ணெய் போட்டு, வேலைக்குப் போகும்போது கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் மரவாடி துறைமுகத்துக்கு வடக்கே கடலோரத் தெருவில் இருக்கிறது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் தேக்குக் கட்டைகளை அளந்து எழுதிக்கொள்வது என் வேலை. கட்டையைத் தொட்டால் கை சுடும் அந்த நாட்களில், அளவு நாடாவைப் பிடித்தபடி நின்று அடிக்கடி தென்மேற்கே பார்ப்பேன். பர்மாவில் நான் பிறந்த பின்மனாவில் அந்த மாதத்தில் அப்படிப் பார்த்தால் மலைகளுக்கு மேல் வானம் ஈயம் போலக் கனத்து இறங்கியிருக்கும்; மத்தியானத்துக்குள் கூரைத் தகரம் பேச ஆரம்பித்துவிடும். இங்கே வானம் வெளுத்து உலர்த்திய வேட்டி மாதிரி கிடந்தது. கட்டை உருட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியான முனுசாமி சில நாள் என்னைக் கவனித்துவிட்டு ஒருநாள் கேட்டே விட்டான்.

"இன்னா ரங்கூன் சார், மேல இன்னா பாத்துகினு கீறீங்க? மயையா? அது ஐப்பசிலதான் வரும். அதுக்குள்ள உங்க குடைய கரையான் துன்னுடும்."

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ரங்கூனைப் பார்த்தது கப்பலேற வந்த அன்று ஒரே ஒரு தடவை, அதுவும் துறைமுகச் சுவரின் ஓரத்திலிருந்து. இவர்களுக்குப் பர்மா முழுவதும் ரங்கூன்தான். அதைத் திருத்திப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். குடையை மட்டும் விட முடியவில்லை. ஆனி போய் ஆடி வந்தும் கக்கத்தில் அது இருந்தது.

பின்மனாவிலும் தௌங்கூவிலும் இன்னும் இருக்கிற நம்மவர்களுக்கும், என்னைப் போல மூட்டை கட்டிக்கொண்டு வந்து இந்தக் கரையில் 'ஊர் திரும்பியவர்' என்று பெயர் வாங்கி நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது, மனைவியை மாதா கோயில் பின்புறம் புதைத்தது எல்லாம் பின்மனாவில். ஆகவே நான் இங்கே திரும்பி வரவில்லை. முதல் தடவையாக வந்திருக்கிறேன். இந்த வித்தியாசத்தை இங்குள்ளவர்களிடம் சொன்னால், தமிழ் பேசுகிற மனுஷன் ஏன் இப்படிக் குழப்புகிறான் என்று பார்க்கிறார்கள்.

என்னோடு வந்தவள் என் மகள் புஷ்பம். ஒரே பிள்ளை. இப்போது பதினெட்டு வயது. கன்னியர் மடத்தில் சிறுமிகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். தெருவில் யாராவது ஓடுகிற சத்தம் கேட்டால் என் கண் முதலில் அவளைத் தேடும். மடத்திலிருந்து அவள் வரச் சற்றுத் தாமதமானால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனையில் நிற்பேன். அவள் என்னைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடப்பாள். வீட்டிலும் அவள் பேச்சு அவ்வளவுதான். பர்மாவில் இந்தியர்களை விரட்டி அடித்த கலவரத்துக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவது காளானைப் பற்றி மட்டும்.

பர்மாவில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே மழை பிடித்து ஒரு மாதம் ஆனால் மூங்கில் காட்டுக்குள் கரையான் புற்றுகளின் அடியில் வெள்ளைக் குடைகள் கிளம்பும். காளானுக்குப் பர்மியர்கள் சொல்வது மோ. புற்று தௌம்போ. ஆகவே இது தௌம்போ மோ. சந்தையில் அது வந்த அன்று இறைச்சிக் கடைக்காரன் ஈ ஓட்டுவான். எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் டோ மியா, தாயில்லாத பிள்ளை என்று புஷ்பத்தை இடுப்பில் வைத்து வளர்த்தவள், மழைக்காலம் முழுவதும் அவளைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். நான் கூடப் போன நாட்களும் உண்டு. தேக்கு இலைகள் முறம் முறமாகத் தரையில் கிடக்கும். மிதித்தால் செருப்பில் சிவப்புச் சாயம் ஏறும். டோ மியா புற்றின் முன்னால் குந்தி, அங்கே இருக்கும் தேவதையிடம் முணுமுணுத்து உத்தரவு கேட்பாள். பிறகு காளானைப் பிடுங்க மாட்டாள். தண்டோடு ஒட்டி விரலை மண்ணுக்குள் விட்டு, இறங்கி இறங்கி, வேரைத் தேடிக்கொண்டு போவாள். தௌம்போ மோவுக்கு ஒரு முழ நீளத்துக்கு வேர் உண்டு. அது நேரே கரையான் கூட்டுக்குள் போய் நிற்கும். வேரோடு வந்தால்தான் கூடைக்குள் போடுவாள். குழியை இலையால் மூடிவிட்டு, அடுத்த வருஷம் அதே இடத்துக்கு வருவாள். வேர் வராத வெள்ளைக் குடையை அவள் திரும்பியும் பார்த்ததில்லை.

கலவரத்தின்போது எங்கள் தெருவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று முதலில் சொன்னவளும் அவள்தான். கொல்லைப்புறமாக எங்கள் இருவரையும் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், ஓடைக்கு மேல் ஒரு மூங்கில் புதரில் விட்டுவிட்டு, தெருவில் தன்னைக் காணாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று திரும்பிவிட்டாள். அந்த நாட்களில் நாங்கள் தின்றது புஷ்பம் தேடிக் கொண்டுவந்த மோதான். பச்சை மூங்கில் குழாய்க்குள் திணித்து, புகை தெரியாமல் தணலில் சுட்டு உரித்தாள். எனக்கு ஒவ்வொரு இலைச் சலசலப்பும் காலடியாகக் கேட்டது. என் பங்கில் பாதிக்கு மேல் அவள் இலைக்குத் தள்ளினேன். பசியில்லை என்று சொன்னேன். டோ மியா திரும்பி வந்து, போகலாம் என்று சொன்னபோது என்னால் எழுந்து நிற்க முடியவில்லை, புஷ்பம் நடந்தாள். அவளுடைய பங்கு பெரியதாக இருந்ததால்தான் நடந்தாள் என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன். அப்போதிருந்து அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு நீளமான வளவில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. நடுச்சுவர் அரைச் செங்கல். அதற்கு அந்தப் பக்கம் அந்தோணியம்மா. காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவள். புருஷன் ரயில்வேயில் கலாசி. மீன் கிடைக்காத நாட்களில் அவள் எண்ணூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்குப் போய் உதிர்ந்த சருகை வாரிக் கட்டிக்கொண்டு வருவாள், அடுப்பெரிக்க. தோப்பு என்ற சொல்லைச் சுவர் வழியாகக் கேட்ட அன்றுதான் புஷ்பம் நெடுநாளைக்குப் பிறகு தானாக ஒரு கேள்வி கேட்டாள். எவ்வளவு தூரம் என்று.

எனக்குத் தோப்பென்றாலே அந்த மூங்கில் புதர்தான் ஞாபகம் வரும். ஆனாலும் அவளைத் தனியே விட முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் ராயபுரத்தில் ரயிலேறி எண்ணூரில் இறங்குவது வழக்கமாயிற்று. முதலில் போனது ஆனியில். கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் மணல்மேல் சவுக்கு நின்றது. மரங்கள் எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம், கயிறு பிடித்து நட்ட வரிசை. கீழே ஒரு செடி இல்லை, ஒரு பூச்சி இல்லை. காற்றடித்தால் மட்டும் கடலே தலைக்கு மேல் வந்துவிட்டது போல இரைச்சல். இது காடே இல்லை, நின்றுகொண்டிருக்கும் விறகு என்று எனக்குப் பட்டது. புஷ்பம் சருகை விலக்கி விலக்கிப் பார்த்தாள். மணல், அதற்கடியிலும் மணல். மழை எப்போ வருமாம் என்று கேட்டாள். முனுசாமி சொன்னதைச் சொன்னேன். ஐப்பசி வரைக்கும் மண் எப்படிப் பொறுத்திருக்கும் என்றாள்.

மண் பொறுத்திருந்தது. நாங்கள்தான் பொறுக்க முடியாமல் ஒவ்வொரு ஞாயிறும் போனோம். ஆவணியில் சாயங்கால இடியோடு இரண்டு மூன்று மழை விழுந்ததும் தோப்பில் சில காளான்கள் முளைத்தன. எரிந்த உருளைக்கிழங்கு போல மணலைப் பிளந்துகொண்டு கறுப்பு உருண்டைகள். உடைத்தால் உள்ளே மஞ்சள் பருப்புகள். எலுமிச்சை அளவில் தோல் பந்துகள். மிதித்தால் பழுப்புப் புகை கிளம்பும். புஷ்பம் குழந்தையைப் போல அவற்றை மிதித்துக்கொண்டு போனாள். எதிரே சருகுக் கட்டோடு வந்த அந்தோணியம்மா அதைப் பார்த்து, பூமி காத்து வுடுது, நீ வேற அத்த மிரிச்சி வுட்டுகினு கீறயே என்று சொல்ல, புஷ்பம் சிரித்தாள். இந்த ஊரில் அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இன்னொன்றும் அங்கே கிடைத்தது. காய்ந்திருக்கும்போது முஷ்டி மடக்கிய கை போல மூடியிருக்கும். தண்ணீர் பட்டால் இதழ் விரித்து நட்சத்திரமாகும். மறுபடி காய்ந்தால் மூடிக்கொள்ளும். அதில் நாலைந்தைத் தகர டப்பாவில் போட்டு வைத்தாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, அது விரியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

வளவில் எங்கள் நடைகளைப் பற்றிப் பேச்சு இருந்தது. அந்தோணியம்மா அதை மறைக்கவில்லை. ஒருநாள் குழாயடியில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்.

"இன்னா அண்ணாத்தே, வயசுப் பொண்ண இட்டுகினு தோப்பு தோப்பா சுத்திகினு கீறே? மாப்ள இன்னா சவுக்கு மரத்துல காச்சித் தொங்குறானா?"

காளான் தேடுகிறோம் என்று நான் உண்மையைச் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவளுக்கு எல்லாக் காளானும் நாய்க்குடை. நாய் மூத்திரம் பெய்த இடத்தில் முளைப்பது. தொட்டால் கை கழுவ வேண்டும். தின்பதா, சீ, கலீஜு என்று முகத்தைச் சுளித்தாள். பஞ்சம் வந்த காலத்துல கூட எங்க வூட்ல அத்தத் துன்னதில்ல என்றாள். நாங்கள் அங்கே பஞ்சத்தில் இருந்தவர்கள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு அன்று மாலை ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அங்கே அது ராஜபோஜனம் என்று விளக்கப் போனேன். புஷ்பம் என் கையைப் பிடித்து நிறுத்தி, குழம்பை வாங்கி வைத்தாள்.

ஐப்பசி வந்தது. முனுசாமி சொன்னது சரி. ஒரு வாரம் விடாமல் கொட்டியது. அடுத்த ஞாயிறு வானம் வெளுத்ததும் எண்ணூருக்குப் போனோம். தோப்பே வேறாக இருந்தது. சருகெல்லாம் கறுத்துப் பாய் போல் படிந்து, அடிமரங்களில் பச்சை ஏறி, எங்கு பார்த்தாலும் பொத்தான் பொத்தானாக ஏதோ முளைத்திருந்தது. தோப்பு முடிந்து கால்வாய்க் கரைப் புல்வெளி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பழைய புற்று கரைந்து சரிந்து கிடந்தது. அதைச் சுற்றிப் புல்லுக்குள் வெள்ளைக் குடைகள். நடுவில் தவிட்டு நிறப் பொட்டு, தண்டில் ஒரு மோதிரம் போல வளையம், கை அகல விரிப்பு.

"அப்பா, தௌம்போ."

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. கோயிலில் பேசுவது போலச் சொன்னாள். நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த இந்த வானமும் மண்ணும் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டன என்று தோன்றியது. புற்று இருக்கிறது. மழை பெய்திருக்கிறது. மோ வந்திருக்கிறது. புஷ்பம் குந்தி, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, தண்டோடு விரலை இறக்கினாள். காளான் உடனே கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு சின்னக் குமிழ், அதில் ஒட்டிய மண், அவ்வளவுதான். இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. வேர் வரலியே என்று என்னைப் பார்த்தாள்.

நாங்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து யோசித்தது இப்போதும் என் கண்முன் இருக்கிறது. அங்கே களிமண், இங்கே மணல். மணலில் வேர் எப்படி நிற்கும் என்றேன் நான். சரிந்த புற்று, அதனால் அறுந்திருக்கும் என்றாள் அவள். இங்கே வந்தபின் எங்களுக்கே வேர் எங்கே நிற்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொன்னதும் அவள் புன்னகைத்துவிட்டுப் பறிக்க ஆரம்பித்தாள். புதிய ஊருக்கு வந்தவர்கள்தான் இப்படி யோசிப்பார்கள். உள்ளூர்க்காரன் ஒரு பொருள் ஒத்துவராவிட்டால் வேறு பொருள் என்று விட்டுவிடுவான். நாங்கள் ஒத்துவராததற்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடித்து மன்னித்துப் பழகியிருந்தோம். அந்த வழியாகப் போன அந்தோணியம்மா வழக்கம்போல நாய்க்குடை, கலீஜு என்று திட்டிவிட்டுத்தான் போனாள். எல்லாவற்றையும் திட்டுகிறவளின் திட்டில் எச்சரிக்கையை எப்படிப் பிரித்து எடுப்பது?

வீட்டுக்கு வந்து புஷ்பம் சமைத்தாள். வேகும்போது ஒரு பிடி அரிசியைப் போட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். விஷமானால் அரிசி நிறம் மாறும் என்பார்கள். அரிசி மல்லிகை மொட்டாக வெந்தது. வெங்காயம், மிளகாய், கொஞ்சம் இறால் பொடி. வாசனைகூட ஏறக்குறைய அதுதான். எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டு, என் தட்டில் இருந்ததை எல்லாம் அவள் தட்டுக்குத் தள்ளியது. நீங்க சாப்பிடுங்கப்பா என்றாள். எனக்குப் போதும் என்றேன்.

பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அவளுக்கு ஆரம்பித்தது. முதலில் வாந்தி. பிறகு நிற்காத வயிற்றுப்போக்கு. வியர்வையில் நனைந்து, பல் கிட்டி, கைகால் குளிர்ந்து போயிற்று. எனக்கு லேசாகக் குமட்டியது, அவ்வளவே. நான் அறை நடுவில் நின்றுகொண்டு டோ மியாவைக் கூப்பிட்டேனாம். அந்தோணியம்மா பிறகு சொன்னாள். வந்தது அவள்தான். ஒரு பார்வை பார்த்தாள். நாய்க்குடையா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தெருவில் போன ஜட்காவை நிறுத்தி, என் மகளை மீன் கூடையைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே வைத்து, தானும் ஏறி, அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். வழி முழுவதும் திட்டிக்கொண்டே வந்தாள். குதிரையை, வண்டிக்காரனை, ரங்கூனை, என்னை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர், கண்டிப்பானவர். கல்யாண வயதுப் பெண் விஷத்தோடு வந்தால் அவர்களுக்குத் தோன்றுவது ஒன்றே. வீட்டில் சண்டையா, யாரோடாவது பழக்கமா என்று கேட்டார். காளான் என்றேன். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒன்றாகச் சாப்பிட்டீர்கள் என்றால், உமக்கு ஏன் ஒன்றும் இல்லை?"

மூங்கில் புதரில் அவள் இலைக்குத் தள்ளிய பங்கு நினைவுக்கு வந்தது. பின்னால் நின்ற அந்தோணியம்மாதான் சொன்னாள்.

"அவுரு எங்க சார் துன்னாரு? அல்லாத்தையும் பொண்ணு தட்டுலயே போட்டுட்டு இருப்பாரு. மீனு வாங்கினாலும் நடுத்துண்டு பொண்ணுக்குத்தான், இவுரு தலைய நக்கிகினு குந்தியிருப்பாரு. அரைச் செங்கல்லு செவுரு சார், எனக்கு அல்லாம் கேக்கும்."

டாக்டர் உள்ளே போனார். புஷ்பம் நினைவு தப்பித் தப்பி முனகினாள். யே, யே என்றாள். தாதி, யாரையம்மா கூப்பிடுறே என்று குனிந்து கேட்டாள். அது பர்மிய மொழியில் தண்ணீர். அந்த வார்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயில் தண்ணீர் கொடுக்கக் கூடாது, ஊசி வழியாக ஏற்றுகிறோம் என்றார்கள். கேட்டது என்னவென்று தெரிந்தும் கொடுக்க முடியாமல் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மாலை அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது. அதன் மறுநாள் கஞ்சி குடித்தாள். அந்தோணியம்மா கடலுக்குப் போகிற கட்டுமரக்காரனிடம் சொல்லி வைத்து, நோயாளிக்கு ஆகுமென்று பால்சுறா கொண்டுவந்தாள். புட்டு அவித்து அவளே ஊட்டினாள். பொழைச்சிகினே, இனிமே நாய் கூட உன்னப் பாத்தா குடை புடிக்காது போ என்று சொன்னதற்கு புஷ்பம் உதட்டை அசைத்தாள்.

நான் உடை எடுக்க வீட்டுக்கு வந்தபோது, சமைக்காமல் மீந்த இரண்டு குடைகள் தகரத் தட்டில் கவிழ்ந்து வாடிக் கிடந்தன. எடுத்து வீசப் போனேன். அடியில் தட்டின்மேல் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பொடி உதிர்ந்திருந்தது. பச்சை. பாசி படிந்த பச்சை. டோ மியாவின் மூங்கில் தட்டில் மோ இப்படிக் கவிழ்ந்து கிடந்தால் உதிர்வது இளஞ்சிவப்பு. எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மேலே ஒரே வெள்ளை, ஒரே பொட்டு, ஒரே விரிப்பு. உள்ளே வைத்திருந்தது வேறு.

அவள் வீடு திரும்பியதும் எண்ணூர்ப் பயணத்தை நிறுத்தினேன். தோப்பு வேண்டாம், மழை வேண்டாம், ஞாயிறு பூசை முடிந்ததும் வீடு. அவள் எதிர்க்கவில்லை. அதுதான் என்னை அரித்தது. தையல், சமையல், தூக்கம். டப்பாவில் நட்சத்திரங்கள் முஷ்டி மடக்கியபடி கிடந்தன. அவள் அவற்றுக்குத் தண்ணீர் காட்டவில்லை. மெலிந்துகொண்டே போனாள். வயிறு இன்னும் சரியாகவில்லை என்று நான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயிற்றில் கோளாறில்லை என்றார். நான் அவள் தூங்கும்போது மூக்கருகே கை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு விடியற்காலை அவள் கண்ணைத் திறந்து என் கையை விலக்கினாள். எழுந்து உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"அப்பா, காட்டுல ஒளிஞ்சிருந்தப்ப நீங்க நடுங்கிக்கிட்டே இருந்தீங்க. எனக்குப் பயமே இல்ல. வீட்டுக்குள்ள இருந்தப்பதான் பயந்தேன், கதவைத் தட்டுவாங்கன்னு. வெளிய மரம் இருந்துச்சு, மழை இருந்துச்சு, குனிஞ்சா மோ இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான். இந்தக் கதவுக்குப் பின்னால உக்கார வெச்சிடாதீங்க."

இரண்டு வருஷமாக ஒரே புதரில், ஒரே பயத்தில் நாங்கள் இருவரும் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே வேறு எங்கோ இருந்திருக்கிறாள். அவள் பிழைத்தது காட்டால். சாகக் கிடந்ததும் காட்டால். அப்பன் மனம் இதில் எதை நம்பும்?

கார்த்திகையில் இன்னொரு மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் புஷ்பம் மரவாடிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். மழை சற்று விட்டிருந்தது. வாடியின் கோடியில் இருந்து முனுசாமி கூப்பிட்டான்.

"சார், உங்கூரு கட்டைல காது மொளச்சி கீது. வந்து பாருங்க."

ஆடியில் வந்திறங்கி, வாங்க ஆளில்லாமல் ஓரத்தில் உருண்டு கிடந்த கட்டை அது. ஒரு முனையில் பர்மாவில் சுத்தியலால் அடித்த முத்திரை. மறு முனையில் எங்கள் வாடியின் சிவப்பு மை எண். நடுவில், பட்டை உரிந்து வெளுத்த இடத்தில், ஈரமாக, மெல்லியதாக, பழுப்பு நிறத்தில் காதுகள். பர்மியர் இதை எலிக்காது என்பார்கள். டோ மியா இதைக் காயவைத்துக் கோர்த்து அடுப்புக்கு மேல் தொங்கவிட்டிருப்பாள். எங்கள் வீட்டில் ஜுரம் என்றால் இதைப் போட்டுச் சாறு வரும்.

புஷ்பம் கட்டைக்கு முன் குந்தினாள். இது எங்க முளைச்சதுப்பா, அங்கயா இங்கயா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதன் விதை வெடிப்புக்குள் ஒளிந்து கப்பலில் வந்ததா, இந்தக் கடற்காற்றில் வந்து ஒட்டியதா? எது என்று கட்டையைக் கேட்டால் சொல்லுமா? அவள் கை நீண்டது. அப்போதுதான் பார்த்தேன், என் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியாது.

அவள் உதறவில்லை. "பறிக்கல. தொட்டுப் பாக்கறேன்," என்றாள்.

பிடியைத் தளர்த்தினேன். முழுவதும் விடவில்லை. என் விரல்களுக்குள் அவள் நாடி ஓட, ஒற்றை விரல் நுனியால் அந்தக் காதைத் தொட்டாள். குளிருது என்றாள். அடுத்த ஞாயிறு எண்ணூருக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். போனால் பார்ப்போம், பறிக்க மாட்டோம் என்று சேர்த்துக்கொண்டேன். அவள் தலையசைத்தாள்.

மழை மறுபடி இறங்கியது. ஆட்கள் கொட்டகைக்குள் ஓடினார்கள். இன்னா சார், மய வந்துடுச்சே, குடை எங்க என்று முனுசாமி அங்கிருந்து கத்தினான். அன்றைக்கு நான் குடை கொண்டுவரவில்லை. ஆவணியில் கக்கத்தில் இடுக்குவதை விட்டிருந்தேன். ஐப்பசியில் எடுக்க வேண்டும் என்பது இன்னும் பழகவில்லை. நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே நின்றோம். அந்த முனையில் சுத்தியல் முத்திரையில் தண்ணீர் தேங்கியது. இந்த முனையில் சிவப்பு மை கரைந்து மண்ணில் ஓடியது. நடுவில் காதுகள் விரிந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தன.